கடல் நடுவே ஒரு மான் தீவு

முதலில் என் சிறு வயதுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வெளிக்காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பசியாற ரொட்டியும் தேநீரும் கொண்டுபோன அண்ணன், திரும்பி வரும்போது சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். என்னவென்று பார்த்தால் சருகுமான் குட்டி! பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. கால்கள் ஒவ்வொன்றும் பென்சில் கனம். "புதருக்குள்ளே தனியாக் கிடந்துச்சு, தாயைக் காணோம், பாவம்" என்றான்.

மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆற்றித் துணியில் நனைத்து அதன் வாயில் வைத்தோம். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பெயர் வைத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால், சாக்குப் பையின் மேல் அது விறைத்துக் கிடந்தது.

எல்லாரும் அழுதோம். பாட்டி மட்டும் அழவில்லை. "தாய் அங்கேயேதாண்டா இருந்திருக்கும். குட்டியை ஒளிச்சு வச்சிட்டு மேயப் போயிருக்கும். வந்து பார்த்துட்டு எப்படித் தவிச்சுதோ!" என்றார்.

அந்த ஒரு வார்த்தை இன்றும் என் காதில் கேட்கிறது. காப்பாற்றினோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். உண்மையில் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைத் திருடி வந்துவிட்டோம். அன்புக்குக் குறைவில்லை. வழிதான் தெரியவில்லை.

வழி தெரிந்தவர்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? அதைச் சொல்லத்தான் உங்களை இன்று உலகத்தின் மறுபக்கத்துக்கு, கடல் நடுவே இருக்கும் ஒரு தீவுக்கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன்.

கடலில் கோத்த தீவு மாலை

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் புளோரிடா மாநிலம் கடலுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அந்தக் காலின் நுனியிலிருந்து வில்போல் வளைந்து தென்மேற்காகப் போகிறது ஒரு தீவு வரிசை. அதற்குப் பெயர் புளோரிடா கீஸ். 'கீ' என்றால் சின்னத் தீவு என்று பொருள். கடைசி ஊரான கீ வெஸ்டிலிருந்து கியூபா நாடு சுமார் 145 கிலோமீட்டர்தான்.

கடகரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால் அங்கே கடுங்குளிர் அபூர்வம். கடலோரத்தில் நம்மூர்ப் பாக்காவ் மரங்களைப்போல வேரூன்றி நிற்கும் சதுப்புக் காடுகள் உண்டு. ஆண்டுதோறும் சூறாவளிப் பயமும் உண்டு. 1912-இல் தீவுக்குத் தீவு பாலம் கட்டிக் கீ வெஸ்ட் வரை ரயில் விட்டார்கள். 1935-இல் வந்த சூறாவளி தண்டவாளத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டது. பிறகு அந்தப் பாலங்களின் மேலேயே சாலை போட்டு 1938-இல் திறந்தார்கள். இன்று சுமார் 180 கிலோமீட்டர் நீளமும் 42 பாலங்களும் கொண்ட அந்தச் சாலை ஒன்றுதான் அந்தத் தீவுகளுக்கு முதுகெலும்பு. சாலை வந்ததும் மனிதர் வந்தனர். மனிதர் வந்ததும் மற்ற உயிர்களுக்கு இடம் சுருங்கியது.

தொப்பிக்காக விழுந்த கொக்குகள்

அங்கே முதலில் ஆபத்து வந்தது பறவைகளுக்கு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, மேல்நாட்டுச் சீமாட்டிகளின் தொப்பியில் கொக்கு இறகு வைப்பது நாகரிகமாக இருந்தது. இனப்பெருக்கக் காலத்தில்தான் கொக்குக்கு அந்த மெல்லிய அழகு இறகு முளைக்கும். ஆகவே வேட்டைக்காரர்கள் கூட்டுக்கே வந்து தாய்ப்பறவைகளைச் சுட்டார்கள். கூட்டில் இருந்த குஞ்சுகள் பட்டினியால் செத்தன. அந்த இறகின் விலை தங்கத்தின் விலையையே மிஞ்சியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதைத் தடுக்க கை பிராட்லி என்ற இளைஞர் காவலராக நியமிக்கப்பட்டார். 1905 ஜூலை 8-ஆம் தேதி, பறவைகளைச் சுட்டவர்களைப் பிடிக்கத் தனியாகப் படகில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அவரைச் சுட்டவன் விசாரணையே இல்லாமல் வெளியே வந்துவிட்டான். ஆனால் அந்தச் சாவு நாட்டை உலுக்கியது. 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கீ வெஸ்ட் பகுதித் தீவுகளைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். 1938-இல் பெரிய வெள்ளை நாரைகளுக்கென்று இன்னொரு புகலிடம் வந்தது.

புகலிடம் என்றால் கூண்டு அல்ல, வாசகர்களே. "இந்த நிலம் இந்த உயிர்களுக்கு உரியது, நாம் இங்கே விருந்தாளிகள்" என்று சட்டமாக எழுதி வைப்பதுதான் புகலிடம்.

இடுப்பளவு மான்

இப்போது என் கதையின் நாயகனுக்கு வருகிறேன். பிக் பைன் கீ என்று ஒரு தீவு. பக்கத்தில் நோ நேம் கீ, அதாவது 'பெயரில்லாத் தீவு'! இவற்றிலும் சுற்றியுள்ள சில தீவுகளிலும் மட்டுமே ஒரு குட்டை மான் இனம் வாழ்கிறது. வளர்ந்த கிடா மான் தோள் வரைக்கும் 60 முதல் 80 சென்டிமீட்டர் உயரம்தான். எடை 25 முதல் 34 கிலோ. நம் சருகுமானைவிடப் பெரியது. ஆனால் அமெரிக்கப் பெருநிலத்து வெள்ளைவால் மானுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பிள்ளைபோல் இருக்கும்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அவற்றின் மூதாதையர் நடந்தே அங்கே வந்தார்கள். பிறகு கடல் ஏறியது. வந்த வழி மூழ்கிவிட்டது. கொஞ்ச நிலம், கொஞ்ச நன்னீர், கொஞ்சத் தழை. அதற்கேற்பத் தலைமுறை தலைமுறையாக உடம்பு சிறுத்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகவும் அவை பழகிக்கொண்டன.

அந்தப் பழக்கமே அவற்றுக்கு எமனானது. வேட்டைக்காரர்கள் நாயை ஏவியும் புதருக்குத் தீ வைத்தும் மான்களைத் தண்ணீரில் இறங்கச் செய்து, நீந்தும்போதே கொன்றார்கள். 1939-இல் வேட்டைக்குத் தடை வந்தும் திருட்டு வேட்டை நிற்கவில்லை. 1950 வாக்கில் மிஞ்சியவை 25 முதல் 50 மான்கள்தான் என்று கணக்கிடப்பட்டது. ஓர் இனம் முழுவதையும் இரண்டு லாரியில் ஏற்றிவிடலாம் என்ற நிலை!

1957-இல் அந்த மானுக்கென்றே ஒரு தேசியப் புகலிடம் அமைந்தது. ஜாக் வாட்சன் என்ற காவலர், திருட்டு வேட்டைக்காரர்கள் பெயரைக் கேட்டாலே நடுங்கும்படி அந்தத் தீவுகளைக் காத்தார். பையப் பைய நிலம் சேர்த்துச் சேர்த்து இன்று சுமார் 9,000 ஏக்கர் அந்தப் புகலிடத்தில் உள்ளது. மான்களும் பெருகி, சமீப ஆண்டுகளின் கணக்குப்படி 800 முதல் 1,000 வரை இருக்கின்றன.

துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் சக்கரம் வந்தது. இன்று அந்த மான்களை மனிதன் கொல்லும் வழிகளில் முதலிடம் வண்டி மோதுவதற்குத்தான். அதனால் பிக் பைன் தீவில் நெடுஞ்சாலையே மெல்லப் போகிறது. பகலுக்கு ஒரு வேகம், இரவுக்கு அதைவிடக் குறைந்த வேகம். சாலையோரம் வேலி போட்டு, மான்கள் கடக்கச் சாலைக்கு அடியிலேயே வழி விட்டிருக்கிறார்கள். மானுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாலும் குற்றம். "இதென்ன, பசித்த வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பது குற்றமா?" என்று நீங்கள் கேட்கலாம். கையால் தின்னப் பழகிய மான் காட்டை விட்டுச் சாலைக்கு வரும், வண்டியைக் கண்டால் ஓடாமல் நிற்கும். நீங்கள் கொடுத்த ரொட்டி அதைச் சக்கரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால்தான் அந்தச் சட்டம்.

புண்ணில் வந்த எமன்

2016-ஆம் ஆண்டு அந்தத் தீவுகளில் ஒரு பயங்கரம் நடந்தது. ஆடு மாடு வளர்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆட்டுக்குச் சின்னப் புண் வந்தால் ஈ மொய்த்து முட்டையிட்டு, புழு வைத்து, உயிரோடு சதையை அரிக்குமே, அதே கதைதான். அந்த வகை ஈயின் இனம் ஒன்று நம் நாட்டிலும் உண்டு. அமெரிக்க இனத்தை அந்த நாட்டார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒழித்துவிட்டார்கள். அது எப்படியோ மான் தீவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அது கிடா மான்கள் கொம்போடு கொம்பு மோதிச் சண்டையிடும் பருவம். ஆகவே கிடாக்களின் தலையிலும் கழுத்திலும் புண் இருந்தது. ஈக்குக் கேட்க வேண்டுமா! அந்த நோயில் 135 மான்கள் மடிந்தன. பிழைக்க வழியில்லை என்று கண்டவற்றை, துடிதுடித்துச் சாகவிடாமல், காவலர்களே கண்ணீரோடு முடித்துவைத்தார்கள்.

அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஈயைக் கொண்டே ஈயை ஒழித்தார்கள்! அந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இணைசேரும். ஆகவே ஆலையில் கோடிக்கணக்கில் ஈக்களை வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர்வீச்சுக் கொடுத்து மலடாக்கி, பறக்கவிட்டார்கள். மலட்டு ஆண் ஈயோடு சேர்ந்த பெண் ஈ இடும் முட்டை பொரிக்காது. ஒரு தலைமுறை அப்படியே அற்றுப்போகும். எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லண்ட் என்ற இரு அறிஞர்கள் வகுத்த முறை இது. இதற்காக 1992-இல் அவர்களுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. மான் தீவுகளில் 18 கோடிக்கும் மேற்பட்ட மலட்டு ஈக்கள் விடப்பட்டன. 2017 மார்ச்சில் அந்த ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

அதற்கிடையே மான்களுக்கு மருந்து கொடுக்க வேண்டுமே! ஊர் மக்கள் தொண்டர்களாக முன்வந்தார்கள். புழுவைக் கொல்லும் மருந்தை ரொட்டிக்குள் வைத்து மான் மானாகத் தேடிப்போய் ஊட்டினார்கள். ரொட்டி கொடுக்காதே என்று சட்டம் போட்ட அதே இடத்தில், அந்த ஆபத்துக் காலத்தில் ரொட்டியே மருந்தாயிற்று. எப்போது கொடுக்கக் கூடாது, எப்போது கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்து செய்தார்கள். என் அண்ணனுக்கும் எனக்கும் தெரியாமல் போனது அதுதான்.

ஆமைக்கு ஓர் ஆஸ்பத்திரி

அதே சாலையில் மாரத்தான் என்ற ஊரில் ஆமைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அறுவைக் கூடம் உண்டு. எக்ஸ்ரே உண்டு. ஆமையைத் தூக்கிவர ஆம்புலன்ஸ் வண்டிகூட உண்டு! ரிச்சி மொரெட்டி என்பவர் அந்த ஊரில் ஒரு தங்கும் விடுதியை வாங்கி நடத்தினார். அந்த வருமானத்தைக் கொண்டு 1986-இல் இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். விடுதிக்கு வந்தவர்கள் கொடுத்த வாடகை ஆமைகளுக்கு மருந்தாகவும் தீனியாகவும் மாறியது. 2005-இல் வந்த சூறாவளிக்குப் பிறகு விடுதி மூடப்பட்டது. மருத்துவமனை மூடப்படவில்லை. இதுவரை 1,500-க்கும் அதிகமான ஆமைகள் அங்கே குணமாகிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

ஆமைக்கு என்ன நோய் வரும்? பச்சை ஆமைகளுக்கு வைரஸ் தொடர்பான ஒரு கட்டி நோய் வருகிறது. கண்ணிலும் துடுப்பிலும் காலிபிளவர் பூப்போலக் கட்டிகள் முளைக்கும். கண்ணை மூடிவிட்டால் இரை தெரியாது, பட்டினிதான். அங்கே மருத்துவர்கள் லேசர் கொண்டு கட்டிகளை அகற்றி, மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள்.

படகு மோதி முதுகோடு உடைந்து வரும் ஆமைகள் இன்னொரு வகை. சிலவற்றுக்கு ஓட்டின் அடியில் காற்றுச் சிக்கிக்கொள்ளும். அந்த ஆமையால் மூழ்கவே முடியாது, பின்பக்கம் தூக்கியபடி மிதக்கும். ஓட்டின் மேல் எடைக்கட்டிகளை ஒட்டித்தான் சமநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஓடு வளரும்போது அந்த எடை கழன்றுவிடும் என்பதால் அப்படிப்பட்ட ஆமையைக் கடலில் விட முடியாது. ஆயுள் முழுக்கப் பராமரிப்புதான்.

தூண்டில் முள் விழுங்கியவை, நைலான் நரம்பு சுற்றித் துடுப்பு அறுந்தவை, பிளாஸ்டிக் பையைத் தின்றவை என்று இன்னும் எத்தனையோ. இத்தனைக்கும் இதே தீவுக்கூட்டத்தின் கீ வெஸ்ட் ஊரில் 1970-களின் தொடக்கம் வரை ஆமையைத் தகர டப்பாவில் அடைத்து சூப்பாக விற்றார்கள்! ஒரே தலைமுறையில் ஓர் ஊர் ஆமையைத் தின்பதை விட்டு, ஆமைக்கு வைத்தியம் பார்க்கும் ஊராக மாறியிருக்கிறது. மனிதர் மாற முடியாது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நரம்பை அறுக்காதீர்

டாவெர்னியர் என்ற இடத்தில் காயம்பட்ட பறவைகளுக்கு ஒரு காப்பகம். லாரா குயின் என்ற பெண்மணி 1980-களில் தொடங்கிவைத்த தொண்டு அது. அங்கே அடிக்கடி வரும் நோயாளி கூழைக்கடா. மீன்பிடிப்பவர் இழுக்கும் மீனைப் பார்த்துப் பாய்ந்து, தூண்டில் முள்ளில் மாட்டிக்கொள்கிறது. பயந்துபோன மனிதர் நரம்பைப் பட்டென்று அறுத்துவிடுகிறார். பறவை பறந்துபோகிறது. "தப்பித்தது" என்று அவர் நினைக்கிறார். ஆனால் அது தொங்கும் நரம்போடு பாக்காவ் மரத்தில் போய் உட்காருகிறது. நரம்பு கிளையில் சிக்குகிறது. அங்கேயே தலைகீழாகத் தொங்கிச் சாகிறது.

நரம்பை அறுக்காமல் மெல்ல அருகே இழுத்து, துணியால் தலையை மூடி, முள்ளின் கூர்முனையை வெட்டிவிட்டுப் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். மீனை அறுத்த பின் பெரிய எலும்பை அதற்குப் போடுவதும் தவறு. முழு மீனை விழுங்கும் பறவைக்கு, சதை நீக்கிய எலும்பு தொண்டையைக் கிழித்துவிடும்.

முதலைக்கு விட்டுக்கொடுத்த நிலம்

கீ லார்கோ தீவின் வடக்கே வீடமைப்புத் திட்டத்துக்காகக் கால்வாய் தோண்டி மண்ணைக் கரையில் குவித்து வைத்திருந்தார்கள். வீடு வரவில்லை. அந்த மண்மேட்டில் முதலைகள் வந்து முட்டையிட்டன! 1980-இல் அந்த இடம் முதலைகளின் புகலிடமாயிற்று. பொதுமக்கள் உள்ளே போக அனுமதி இல்லை. புளோரிடாவில் 1975-இல் சில நூறாக இருந்த அந்த முதலை இனம், 2007-இல் ஏறத்தாழ 2,000 ஆகியிருந்தது. யாரும் அவற்றைத் தூக்கி வளர்க்கவில்லை. இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் நலமே என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கடல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த தீவுகளில் உப்புநீர் மண்ணுக்குள் புகுகிறது. கீ லார்கோவில் மட்டுமே அமெரிக்க மண்ணில் மிஞ்சியிருந்த ஒரு மரக்கள்ளி இனம், கடல்மட்டம் ஏறியதால் அங்கே அற்றுப்போனது என்று 2024-இல் அறிவித்தார்கள். மான் குடிக்கும் நன்னீர்க் குட்டைகளுக்கும் அதே ஆபத்து. 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி அந்த மான்களின் வாசலிலேயே கரையேறியது. பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஆனால் கடலுக்கு வேலி போட யாரால் முடியும்? இந்த உலகத்தில் அந்த மான்களுக்கு வேறு ஊர் இல்லை.

நம் வாசலுக்கு வருவோம்

"அமெரிக்காவில் பணம் இருக்கிறது, செய்கிறார்கள். செம்பனைக் காட்டில் குலை தள்ளிப் பிழைக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் சொகுசாக இருப்பவரைவிட, விடியலில் காட்டுக்குள் நடக்கும் நம் கண்ணில்தானே இந்த உயிர்கள் முதலில் படுகின்றன?

திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950-களில் பெரிய தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள்வரை வைத்தன. பல ஆண்டுகள் முட்டையை எடுத்துத் தின்றோம், விற்றோம். இன்று அந்த ஆமை அங்கே வருவது அதிசயம். 2022-இல் அந்த மாநிலம் ஆமை முட்டை விற்பதை முற்றிலும் தடை செய்தது. நல்ல சட்டம்தான், ஆனால் அந்தப் பெரிய ஆமைக்குக் காலம் கடந்து வந்தது. மான் தீவில் 25 மிஞ்சியிருந்தபோது விழித்துக்கொண்டார்கள். நாம் எத்தனை மிஞ்சும்போது விழிக்கப் போகிறோம்?

காசு செலவில்லாத நாலு காரியம் சொல்கிறேன்.

புதரில் குட்டி தனியாகக் கிடந்தால் தொடாதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தாலோ, குட்டிக்குக் காயம் இருந்தாலோ மட்டும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். மாட்டுப் பால் ஊட்டாதீர்கள்.

கம்பிக் கண்ணி வைக்காதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். கண்ணிக்கு சருகுமான் எது, புலிக்குட்டி எது, பக்கத்து வீட்டு நாய் எது என்று தெரியாது.

தூண்டில் நரம்பை ஆற்றங்கரையில் வீசாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடுங்கள்.

இரவில் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளை மெல்ல ஓட்டுங்கள். விளக்கொளியில் இரண்டு கண் மின்னினால் நின்று வழிவிடுங்கள். உங்கள் உயிருக்கும் அது நல்லது.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், "தாத்தா, இங்கே ஒரு குருவிக் குஞ்சு தனியா உட்கார்ந்திருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்று கத்தினாள். "வேண்டாம்மா, தள்ளி வந்து நில்லு, கொஞ்ச நேரம் பார்" என்றேன். இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து இறங்கியது.

பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். எனக்கு மட்டும் அந்தச் சாக்குப் பை நினைவுக்கு வந்தது.